பாலிசியில் டிரஸ்டி என்று பெயர் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பேர்ணாம்பட்டு_கணக்கர்
வணக்கம். தெரிந்த ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். கணவர் இறந்துவிட்டார், வயது 42. ஆம்பூரில் ஷூ அப்பர் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தியவர். 50 லட்சத்துக்கு டெர்ம் பாலிசி, நாலு வருஷம் ஓடியிருக்கிறது. மனைவி, 14 வயதில் பெண், 9 வயதில் பையன், அவருடைய அம்மா. பாலிசியில் டிரஸ்டி என்று இரண்டு பேர்: மனைவியின் தம்பி, இறந்தவரின் பெரியப்பா மகன். இரண்டாமவர் பெங்களூரில் இருக்கிறார். தம்பிக்கு தன் பெயர் அதில் இருப்பதே இப்போதுதான் தெரியும். "பணம் என் அக்கவுன்டுக்கு வரும், அக்காவுக்கு மாத்தி விட்டுட்டா முடிஞ்சுது, அவ்ளோதானே?" என்கிறார். தோல் சப்ளை செய்தவருக்கு யூனிட் பாக்கி வைத்திருக்கிறது. அம்மாவும் பங்கு கேட்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கோட்டை_அகழி
முதல்ல பாண்டை, அதாவது பாலிசிப் பத்திரத்தை, எடுத்து முழுசா படிக்கச் சொல்லுங்க. ஏஜென்ட் சொன்னதையோ, வாட்ஸ்அப்புல வந்த முதல் பக்கத்து போட்டோவையோ நம்ப வேண்டாம். "டிரஸ்டி"ன்னு வாயில சொல்றது மூணு வேற வேற ஆளா இருக்கலாம்.

ஷெட்யூல்ல, அதாவது பாண்டோட விவரப் பட்டியல்ல, "நாமினி", அதுக்குக் கீழே "அப்பாயின்ட்டி"ன்னு இருந்தா அது 1938 இன்ஷூரன்ஸ் சட்டம் 39-ஆம் பிரிவு. நாமினி மைனரா இருக்கிறப்போ கிளெய்ம் வந்தா, அந்தக் குழந்தைக்காகப் பணத்தை வாங்குறவர்தான் அப்பாயின்ட்டி. நாமினிக்கு 18 ஆயிட்டா அவருக்கு வேலையே இல்லை.

அதே பாண்டுல தனியா ஒரு தாள் ஒட்டியிருந்து, அதுல "மணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874, பிரிவு 6"ன்னு இருந்தா அதுதான் எம்.டபிள்யூ.பி. பாலிசி. பயனாளிகள் பெயர், உறவு, வயசு, ஆளுக்கு எத்தனை பங்கு, டிரஸ்டி பெயர் எல்லாம் அந்தத் தாள்லதான் இருக்கும். இந்த வகைக்கு 39-ஆம் பிரிவு நாமினேஷன் பொருந்தாது. அந்தத் தாள் இருக்கான்னு பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

பேர்ணாம்பட்டு_கணக்கர்
பார்த்தாச்சு சார். எம்.டபிள்யூ.பி.தான். மனைவிக்கு 50 சதவீதம், பெண்ணுக்கு 25, பையனுக்கு 25. டிரஸ்டி இருவர் பெயரும் இருக்கிறது.

கோட்டை_அகழி
பங்கு எழுதி வெச்சிருக்காரே, புண்ணியவான். பாதிப் பேர் "மனைவி, குழந்தைகள்"னு மட்டும் எழுதிட்டுப் போயிடுறாங்க.

அதே தாள்ல டிரஸ்டி சம்மதக் கையெழுத்துன்னு இடம் இருக்கா? சில கம்பெனி படிவத்துல உண்டு. தம்பி அப்பவே அங்க கையெழுத்துப் போட்டிருந்தா "எனக்குத் தெரியாது"ங்கிற பேச்சு எடுபடாது.

சத்துவாச்சாரி_வக்கீல்
நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள். டிரஸ்டி பொறுப்பை ஏற்க யாரும் கடமைப்பட்டவர் இல்லை. இந்திய டிரஸ்ட் சட்டம் 1882, பிரிவு 10. வேண்டாம் என்றால் நியாயமான காலத்துக்குள் எழுத்தில் மறுத்துவிடலாம். இருவரில் ஒருவர் மறுத்தால் பொறுப்பு மற்றவரிடம் நிற்கும். ஆனால் ஏற்றுக்கொள்வதற்குத் தனியாகப் பத்திரம் எதுவும் வேண்டாம், நடத்தையே போதும். கிளெய்ம் படிவத்தில் டிரஸ்டி என்று கையெழுத்துப் போட்டாலே ஏற்றதாகத்தான் கொள்வார்கள்.

ஏற்ற பிறகு பாதியில் விலகுவது லேசு இல்லை. பிரிவு 46-இன்படி கோர்ட் அனுமதி வேண்டும். அல்லது பயனாளிகள் சம்மதிக்க வேண்டும், அதுவும் சம்மதிக்கத் தகுதியுள்ளவர்கள். அல்லது ஆவணத்திலேயே விலகும் அதிகாரம் எழுதியிருக்க வேண்டும். இங்கே இரண்டு பேர் மைனர். பையனுக்கு 18 ஆக இன்னும் ஒன்பது வருஷம். அத்தனை வருஷம் கணக்கு வைக்கத் தயாரா என்று தம்பியிடம் இப்போதே கேளுங்கள்.

குடியாத்தம்_தறி
இவ்ளோ பயமுறுத்தணுமா? அம்மா உயிரோட இருக்காங்க, குழந்தைகளுக்கு இயற்கைக் கார்டியன் அவங்கதானே. 50 லட்சத்தையும் அம்மா அக்கவுன்ட்ல போட்டுட்டா பிரச்சினையே இல்லையே.

சத்துவாச்சாரி_வக்கீல்
தறி அண்ணா, எல்லாரும் சறுக்குவது இங்கேதான். அம்மா கார்டியன்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பணத்துக்கு டிரஸ்ட் இருக்கிறது. பிள்ளைகளின் 25 லட்சம் டிரஸ்டிகள் பெயரில் அவர்களுக்காக இருக்க வேண்டிய பணம். மொத்தமாக அக்கா கையில் கொடுத்து, அவர் வீடு கட்டி முடித்த பிறகு, பெண் 18 வயதில் "என் பன்னிரண்டரை லட்சம் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு டிரஸ்டிகள். தங்கள் கைப்பணத்திலிருந்து. பிரிவு 23.

அக்காவின் பாதி வேறு விஷயம். அவர் வயது வந்தவர், பங்கு தெளிவாக இருக்கிறது. கேட்டவுடன் 25 லட்சத்தையும் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டச் சொல்லுங்கள்.

ஆம்பூர்_பாய்
அஸ்ஸலாமு அலைக்கும். வக்கீல் சாருக்கு ஒரு கேள்வி. முஸ்லிம் வீட்டுலயும் இதே சட்டமா? ஷரீஅத் பங்கு வேற கணக்காச்சே.

சத்துவாச்சாரி_வக்கீல்
வ அலைக்கும் ஸலாம் பாய். ஆமாம், இதே சட்டம்தான். ஆரம்பத்தில் 1874 சட்டத்துக்குள் இந்துக்களும் முஸ்லிம்களும் இல்லை. பிறகு 6-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். சென்னை மாகாணத்தில் 31-12-1913-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கும், மற்ற மாகாணங்களில் 1-4-1923-க்குப் பிறகு எடுத்தவற்றுக்கும் பொருந்தும். வட ஆற்காடு அன்றைக்கு சென்னை மாகாணம். ஆக நம்ம பக்கத்துக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே வந்துவிட்டது.

பணம் இறந்தவரின் விட்டுச்சென்ற சொத்துக்குள் வராததால் வாரிசுப் பங்குக் கணக்குக்குள்ளும் வராது. பாண்டில் எழுதிய பங்குதான் பங்கு. இந்து வாரிசுச் சட்டத்துக்கும் இதே பதில். இறந்தவரின் அம்மா முதல் வகுப்பு வாரிசு. யூனிட் மெஷின், பேங்க் பேலன்ஸ், வண்டி ஆகியவற்றில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சமமாகக் கால் பங்கு அவருக்கு உண்டு. இந்த 50 லட்சத்தில் கிடையாது. கணவன் எடுத்த பாலிசியில் மனைவியும் பிள்ளைகளும்தான் பயனாளிகளாக இருக்க முடியும், தாய்க்கு இடமே இல்லை. மாமியாருக்குக் கொடுக்க வேண்டும் என்று மனைவி நினைத்தால் தன் 25 லட்சத்திலிருந்து தாராளமாகக் கொடுக்கட்டும். டிரஸ்டி பிள்ளைகள் பங்கில் கை வைக்கக் கூடாது.

கோட்டை_அகழி
இதோட ஒட்டி ஒண்ணு. தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வாரிசுச் சான்றிதழை கிளெய்ம் ஃபைல்ல வெக்காதீங்க. எம்.டபிள்யூ.பி. கிளெய்முக்கு அது தேவையில்லை. வெச்சா, அதுல இறந்தவரோட அம்மா பெயரும் இருக்கும். கவுன்டர்ல இருக்கிறவர் "இவங்க கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவார்.

பேர்ணாம்பட்டு_கணக்கர்
தோல் கடன்காரர் டிரஸ்டிக்கே நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொல்கிறாராம்.

சத்துவாச்சாரி_வக்கீல்
அனுப்பட்டும். "இந்தத் தொகை 1874 சட்டம் பிரிவு 6-இன் கீழ் டிரஸ்ட், இறந்தவரின் சொத்தின் பகுதி அல்ல" என்று ஒரு பக்கத்தில் பதில் போதும், ஒப்புகைச் சீட்டோடு தபாலில். கடன் யூனிட்டின் சொத்திலிருந்து வசூலாக வேண்டியது. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடுதான் பாலிசி எடுக்கப்பட்டது என்று அவர் நிரூபித்தால் மட்டும் பாலிசித் தொகையிலிருந்து தன் கடனைக் கேட்கலாம். நாலு வருஷத்துக்கு முன் எடுத்த பாலிசி. கடன் அதற்குப் பிறகு வந்தது என்றால் அது நிற்பது கஷ்டம்.

டிரஸ்டிகள் செய்யக் கூடாதது ஒன்று: வீட்டு வாசலில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசி "கிளெய்ம் வந்ததும் பார்த்துக்கலாம்" என்று வாய் விடுவது.

காட்பாடி_ஜங்ஷன்
பேங்க் பக்கத்திலிருந்து. தம்பி தன் சேவிங்ஸ் அக்கவுன்ட் கேன்சல் செக்கை கிளெய்மோடு கொடுத்துவிடப் போகிறார், அதை முதலில் தடுங்கள். டிரஸ்ட் பணமும் சொந்தப் பணமும் ஒரே அக்கவுன்டில் கலந்தால் பிறகு எது யாருடையது என்று அவராலேயே பிரித்துக் காட்ட முடியாது. அவருடைய பர்சனல் லோன் தவணை தவறினால் அந்த அக்கவுன்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு டிரஸ்டிகள் பெயரில், டிரஸ்டி என்ற தகுதியில், கூட்டுக் கையெழுத்தில் தனி அக்கவுன்ட் வேண்டும். சிக்கல் எங்கே வரும் என்றால், கிளையில் டிரஸ்ட் என்றதும் கோயில் டிரஸ்ட், கல்வி டிரஸ்ட் என்று நினைத்துப் பதிவு செய்த டிரஸ்ட் டீட் கேட்பார்கள். இங்கே தனி டீடே கிடையாது, அந்த எம்.டபிள்யூ.பி. தாள்தான் டிரஸ்ட் ஆவணம். பாண்டும் அந்தத் தாளும் கம்பெனி சீல் போட்ட நகலாக இரண்டு செட் வாங்கிக்கொள்ளுங்கள். டிரஸ்ட் பெயரில் பான், இரண்டு பேரின் ஆதார், பான், போட்டோ, பயனாளிகளின் பிறப்புச் சான்று. கவுன்டரில் முடியாது என்றால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து அவர்களுடைய சட்டப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பான் வருவதற்கும் இதற்கும் சேர்த்து நாள் பிடிக்கும், அதனால் கிளெய்ம் கொடுக்கும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

கோட்டை_அகழி
கிளெய்முக்கு வருவோம். ஒரிஜினல் பாண்டு, இறப்புச் சான்று, கிளெய்ம் படிவம், இரண்டு டிரஸ்டிகளோட அடையாளச் சான்று, டிரஸ்ட் அக்கவுன்ட் கேன்சல் செக். ஆஸ்பத்திரியில இறந்திருந்தா சிகிச்சை பார்த்த டாக்டர் படிவமும் டிஸ்சார்ஜ் சம்மரியும். விபத்துன்னா எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். டிஸ்சார்ஜ் வவுச்சர்ல, அதாவது பணத்துக்காகக் கம்பெனிக்குக் கொடுக்குற ரசீதுல, இரண்டு டிரஸ்டியும் கையெழுத்துப் போடணும், ஒருத்தர் போட்டா செல்லாது.

இறப்புச் சான்றை வீடு இருக்கிற ஊர்ல தேடி அலையாதீங்க. இறந்த இடத்துலதான் பதிவு. ஆம்பூர் இப்போ திருப்பத்தூர் மாவட்டம். வேலூர் சி.எம்.சி.யில உயிர் போயிருந்தா வேலூர் மாநகராட்சி. அதே ஆஸ்பத்திரியோட ராணிப்பேட்டை வளாகம்னா ராணிப்பேட்டை மாவட்டத்துப் பதிவு. பெங்களூர் ரோட்டுல கிருஷ்ணகிரி எல்லைக்குள்ள விபத்துன்னா அங்க. பெயர் திருத்தமும் அதே பதிவாளர்கிட்டதான், வேற இடத்துல முடியாது.

பாலிசி மூணு வருஷம் தாண்டினதால இன்ஷூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி "புரபோசல் படிவத்துல நோயை மறைச்சிட்டார்"னு சொல்லி மறுக்க முடியாது. நடுவுல பிரீமியம் கட்டாம லாப்ஸ் ஆகி, மறுபடி கட்டி ரிவைவல் பண்ணியிருந்தா அந்தத் தேதியிலிருந்து மூணு வருஷம் எண்ணுவாங்க, பிரீமியம் ரசீதுகளைப் பார்த்துடுங்க. விசாரணை தேவைப்படாத இறப்பு கிளெய்மை 15 நாள்ல, விசாரணை இருந்தா 45 நாள்ல முடிக்கணும்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட 2024 சுற்றறிக்கை. தாமதமானா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டுக்கு மேல 2 சதவீதம் வட்டி. மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாசம் பதில் இல்லாட்டியோ சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். செலவில்லை, 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்லலாம், மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

குடியாத்தம்_தறி
பெங்களூர்காரர் வந்து போக முடியாதுன்னா, தம்பிக்கு பவர் எழுதிக் கொடுத்துட்டா?

சத்துவாச்சாரி_வக்கீல்
பொறுப்பையே பவரில் தூக்கிக் கொடுக்க முடியாது. டிரஸ்ட் சட்டம் பிரிவு 47, 48. கூரியரில் தாள் போய் வரட்டும். "எல்லாம் தம்பி பார்த்துக்குவான்" என்று பெங்களூர்காரர் வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தம்பி செய்யும் தவறுக்கு அவரும் மாட்டுவார். ஒருவர் இறந்துவிட்டால் மீதி இருப்பவர் தொடரலாம். இரண்டு பேருமே மறுத்து, வேறு டிரஸ்டியும் இல்லை என்றால் பணம் அரசின் அஃபிஷியல் டிரஸ்டியிடம் போகும், அலுவலகம் சென்னை ஹைகோர்ட் வளாகம். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீசுக்கு அக்கா ஆம்பூரிலிருந்து சென்னைக்கு மனு அனுப்ப வேண்டிவரும். அதனால்தான் மறுப்பதையும் யோசித்துச் செய்யச் சொல்கிறேன்.

பேர்ணாம்பட்டு_கணக்கர்
பிள்ளைகள் பணத்தை எதில் போடுவது? பெண்ணுக்கு நாலு வருஷத்தில் காலேஜ்.

சத்துவாச்சாரி_வக்கீல்
இதைப் பொறுமையாகப் படியுங்கள், பலருக்குத் தெரியாத இடம். டிரஸ்ட் சட்டம் பிரிவு 41: மைனருடைய படிப்பு, பராமரிப்புக்கு டிரஸ்டி தானாகச் செலவழிக்கக் கூடியது அந்தப் பணத்தின் வருமானத்தை மட்டும். வட்டியை. செலவு போக மிஞ்சும் வட்டியையும் சும்மா வைக்காமல் கூட்டு வட்டியில் திரும்பப் போட வேண்டும். அசலைத் தொட வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும். வேறு வழி கிடையாது என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது.

கணக்குக்கு 7 சதவீதம் வையுங்கள். ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டரை லட்சம், வருஷத்துக்கு 87,500. பெண்ணின் பள்ளிக் கட்டணம், டியூஷன், பஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் 17 வயதில் காலேஜ் சேரும்போது முதல் வருஷக் கட்டணம் மட்டும் அதைத் தாண்டலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு மனுப் போட்டால் அட்மிஷன் தேதிக்குள் உத்தரவு கையில் வராது. பிளஸ் டூ வருஷம் தொடங்கும்போதே மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் வருஷக் கட்டணத்தை அக்கா தன் பங்கிலிருந்து கட்டட்டும்; 18 ஆனதும் பெண்ணே தன் பணத்தை எடுத்துக்கொள்வாள்.

எதில் போடலாம் என்பது பிரிவு 20: ஆவணம் அனுமதிப்பது அல்லது மத்திய அரசு அறிவித்த வகைகள். டிரஸ்டியின் இஷ்டம் இல்லை.

காட்பாடி_ஜங்ஷன்
எஃப்.டி. போடுவதானால் இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனி ரசீது, முதிர்வுத் தேதி அவரவர் 18-வது பிறந்தநாளை ஒட்டி. பெண்ணுக்கு நாலு வருஷம், பையனுக்கு ஒன்பது, எஃப்.டி. பத்து வருஷம் வரை போடலாம் என்பதால் இடிக்காது. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். அதற்காக ஐந்து வங்கியில் பிரித்தால் மேலே சொன்ன அக்கவுன்ட் தலைவலியும் ஐந்து மடங்கு. இரண்டு பெரிய வங்கி போதும் என்பது என் கணக்கு.

நகைச்சீட்டு, சொசைட்டி, மாச வட்டி கம்பெனி பக்கமே வேண்டாம். 2022-இல் இந்தப் பக்கம் மாச வட்டி கம்பெனிகளில் மக்கள் பணத்தை இழந்த பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வருமான வரி: இறப்பின்பேரில் வந்த 50 லட்சத்துக்கு வரி இல்லை. அதில் வரும் வட்டிக்கு உண்டு. பங்கு தெளிவாக இருப்பதால் பயனாளி கணக்கில் போகும். மைனர் என்பதால் அம்மாவின் வருமானத்தோடு சேரும். பங்கு எழுதாத டிரஸ்ட் என்றால் உச்ச விகிதத்தில் பிடிப்பார்கள். பான் கொடுக்காத எஃப்.டி.க்கு 20 சதவீத டி.டி.எஸ்.

ஆம்பூர்_பாய்
பொண்ணுக்கு 18 ஆனதும் கொடுக்கணுமா? நிக்காஹ், கல்யாணம் வரைக்கும் வெச்சிருந்தா நல்லதுதானே. அந்த வயசுல கையில அவ்ளோ பணமா?

சத்துவாச்சாரி_வக்கீல்
மனசு நியாயம் பாய், சட்டத்தில் இடமில்லை. 18 முடிந்து அவள் கேட்டால் அசலும் சேர்ந்த வட்டியும் கொடுத்தே ஆக வேண்டும். அவளே விரும்பி எஃப்.டி.யைத் தன் பெயரில் தொடரலாம்.

கடைசியாகக் கணக்கு. ஒரு நீள நோட்டு, பயனாளிக்கு ஒரு பகுதி. வரவு, செலவு, ரசீது எண். டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது. கூரியர், நோட்டரி, ஆடிட்டர், பஸ் செலவை ரசீது வைத்து எடுத்துக்கொள்ளலாம். "அவசரம், ரெண்டு மாசத்துல திருப்பிடுறேன்" என்று இரண்டு லட்சம் எடுப்பது, திருப்பினாலும் தவறுதான்.

பேர்ணாம்பட்டு_கணக்கர்
எல்லாருக்கும் நன்றி. சம்மதக் கையெழுத்து இடம் அந்தப் படிவத்தில் இல்லை. இரண்டு பேரிடமும் இதைப் படிக்கக் கொடுத்தேன், ஏற்பதாகச் சொல்லிவிட்டார்கள். டிரஸ்ட் பான் விண்ணப்பம் இன்று. ஒரு விஷயம்: பையன் பெயர் பாண்டில் ஒரு இனிஷியலோடு இருக்கிறது, பிறப்புச் சான்றில் இரண்டு இனிஷியல்.

கோட்டை_அகழி
ஆதார்ல எப்படி?

பேர்ணாம்பட்டு_கணக்கர்
அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வருகிறது.

கோட்டை_அகழி
மூணும் மூணு விதம். மூணு எழுத்தையும் அப்படியே குறிச்சு, மூணும் ஒரே ஆள்னு பையனோட அம்மா பேர்ல ஒரு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) நோட்டரி போட்டு, ரெண்டு ஒரிஜினலா வாங்குங்க. ஒண்ணு கிளெய்ம் ஃபைலுக்கு, ஒண்ணு அந்த நீள நோட்டுல பையன் பகுதி முதல் பக்கத்துக்கு.